மூன்றாவது குத்து

மரண தண்டனையை அவரவர் வீட்டிலேயே, சொந்தபந்தம் சூழ நிறைவேற்றுவதுதான் மனிதாபிமானம் என்று சட்டம் வந்துவிட்டது. அதனால்தான் ஜெபசிங்கை அவன் தூங்கி வளர்ந்த கட்டிலிலேயே கட்டிப்போட்டிருந்தார்கள்.

விஷ ஊசி ஏற்ற மூன்று குத்தில் நரம்பு கிடைக்காவிட்டால் ஆயுள் தண்டனையாகக் குறைத்துவிடுவார்கள். தண்ணீர் குடிக்காதவன் உடம்பில் நரம்பு உள்வாங்கிவிடும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்ட அவன் அம்மா செல்வக்கனி, வீட்டுக் குடங்களையெல்லாம் முற்றத்தில் கவிழ்த்துவிட்டாள். மகனுக்குச் சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை, தானும் குடிக்கவில்லை. தூத்துக்குடி வெயிலில் வீடு அனலாய்க் கொதித்தது.

நர்ஸ் இரண்டு முறை குத்தியும் பலனில்லை. விரிப்பெல்லாம் ரத்தம்.

"இன்னும் ஒண்ணுதான் மக்கா, பல்லக் கடிச்சிக்கோ," என்றாள் செல்வக்கனி.

கடைசிக் குத்துக்கு முன் கடைசி ஆசையைக் கேட்க வேண்டும். அதையும் பெற்ற தாய் கையால்தான் நிறைவேற்ற வேண்டும். அதுவும் சட்டம்தான். அதிகாரி கேட்டார்.

"தண்ணி," என்றான் ஜெபசிங். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. "செத்தாலும் சரிம்மா. ஒரு வாய் தா."

"தண்ணி உள்ள போனா நரம்பு எழும்பிரும் சார். கொஞ்சம் பொறுத்துக் குத்திரலாம்," என்றாள் நர்ஸ்.

அதிகாரி தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினார். "பிள்ள கேக்கான்லா. குடுத்திரும்மா."

செல்வக்கனி வாங்கினாள். மகன் தலையைத் தூக்கி வாயைத் திறந்தான். அவள் பாட்டிலைத் தன் வாயில் கவிழ்த்து, அவன் பார்க்கப் பார்க்க, கடைசிச் சொட்டுவரை தானே குடித்து முடித்தாள்.

"இப்பக் குத்துங்க," என்றாள்.