பிரிக்காத பெட்டி

"கிட்ட வராதீங்க. உங்க மூச்சுகூட மேல படக் கூடாது," என்றாள் பல் டாக்டர், கையுறையை மாட்டிக்கொண்டே.

விளக்கை அருகே இழுத்தாள். இரண்டு கைகளாலும் தாங்கி, வெல்வெட் துணியின் மேல் மெல்லக் கிடத்தினாள். கிடத்தியது ஒரு வீடியோ கேம் பெட்டி.

"இதுதானா?" எதிரே இருந்தவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பழைய வீடியோ கேம்கள் அழிந்துபோகாமல் நகலெடுத்து வைக்கும் காப்பகம் ஒன்றில் வேலை செய்பவர். இந்த ஒரு பெட்டிக்காக இரண்டு ரயில் மாறி வந்திருந்தார்.

"இதேதான். செஞ்ச கம்பெனியை அந்த வருஷமே மூடிட்டாங்க. உலகத்துல மிஞ்சினது இது ஒண்ணு. கடையில போட்ட உறை, இன்னும் பிரிக்கலை."

"இவ்வளவு சுத்தமான உறையை நான் பார்த்ததே இல்ல, டாக்டர்."

அவள் உள்ளூரப் பூரித்தாள். வீட்டின் அந்த அறையில் மூன்று சுவர்களிலும் கண்ணாடி அலமாரிகள். நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். ஒன்றைக்கூட அவள் பிரித்ததில்லை. அவற்றை ஓட்டும் பழைய இயந்திரமும் கீழ்த்தட்டில் இருந்தது, அதுவும் பார்வைக்குத்தான்.

காப்பகத்துக்காரர் தொண்டையைச் செருமினார். "ஓரமா ஒரு கீறல் போட்டா போதும். இருபது நிமிஷத்துல நகல் எடுத்துட்டுத் தந்துடுவேன். உள்ளே இருக்கற சிப் இப்பவே செத்துக்கிட்டிருக்கும். இன்னும் கொஞ்ச வருஷம் போனா மொத்தமும் அழிஞ்சிடும்."

"அழியட்டும்."

"டாக்டர்!"

"பிரிச்சிட்டா இது நாலு பேர் ஆடிட்டுத் தூக்கிப் போடற சாமான். பிரிக்காத வரைக்கும்தான் மரியாதை. ஆடணும்னா கடையில ஆயிரம் கேம் கிடக்கு, போய் ஆடுங்க."

"செஞ்சவங்க ஆடறதுக்குத்தானே செஞ்சாங்க?"

"செஞ்சவங்க போயிட்டாங்க. இப்ப காப்பாத்தறவ நான்."

அப்போதுதான் அவள் கணவன் தேநீர் கொண்டுவந்தான். சோப்பு கம்பெனியில் பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கோப்பைகளை வெல்வெட்டுக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றான்.

"வேணும்னா இவரைக் கேளுங்க," என்று அவள் சிரித்தாள். "நாள் பூரா சோப்புப் பெட்டிக்குப் பிளாஸ்டிக் உறை போட வைக்கறவர். உறை பிரிஞ்சா சரக்கு என்ன ஆகும்னு இவருக்குத் தெரியும். என்னங்க, பிரிக்கலாமா?"

கணவன் பெட்டியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"வேண்டாம். இனிமே பிரிக்க வேண்டாம்."

"கேட்டீங்களா? எங்க வீட்டுல ரெண்டு ஓட்டும் ஒரே பக்கம்தான்."

தேநீரில் ஆடை படிந்தது.

காப்பகத்துக்காரர் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். "சரி. இதுவரைக்கும் எதுக்கும் எழுதாததை இதுக்கு எழுதறேன்." எழுதிக்கொண்டே வாசித்தார்: "உள்ளடக்கம் தெரியவில்லை. ஆடியவர் ஒருவரும் இல்லை."

"தாராளமா எழுதுங்க," என்றாள் அவள், நிமிர்ந்த தலையோடு. ஒருவரும் இல்லை. அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருடம் இந்த அறையைப் பூட்டிப் பூட்டிக் காத்தாள்.

"அப்படி எழுதாதீங்க சார்."

இருவரும் திரும்பினார்கள். கணவன் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்திருந்தான்.

"அட்டையில டிராகன் படம் இருக்கே, அதை நம்பாதீங்க. உள்ளே டிராகனே கிடையாது. ஒரு கலங்கரை விளக்கம். ஒருத்தன் எண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கிட்டு மேலே ஏறணும். ஒரு சொட்டுச் சிந்தினா கடல்ல ஒரு கப்பல் முழுகும். சண்டை ஒண்ணும் இல்ல சார். ஒன்பது மாடி. உச்சியில போய் விளக்கை ஏத்தினா, செஞ்ச ஆறு பேரோட பேரும் ஒவ்வொரு கப்பலா கரைக்கு வரும்."

பேனா அப்படியே நின்றது.

அவள் சிரிக்கப் பார்த்தாள். "என்ன உளர்றீங்க? உறை அப்படியே இருக்கு." சொல்லிக்கொண்டே பெட்டியை விளக்கடியில் திருப்பினாள். பின்பக்க ஒட்டு நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. அந்தக் காலத்துக் கம்பெனிக்காரர்கள் எவரும் இத்தனை அக்கறையாக ஒட்டியதில்லை. பல்லில் மயிரிழை விரிசலைக்கூடத் தப்பவிடாத கண்ணுக்கு அது இப்போதுதான் தெரிந்தது.

"எப்போ?"

"நீ கிளினிக்ல இருக்கற நேரத்துல. எனக்குக் காலை ஷிஃப்ட்தானே." மன்னிப்புக் கேட்கும் குரல் அல்ல அது. "உள்ளே செத்துக்கிட்டிருக்கு, நாம வெளியே தூசி தட்டிக்கிட்டிருக்கோம். என்னால முடியலை. திட்டறதுன்னா திட்டு. ஆடினது ஆடினதுதான்."

காப்பகத்துக்காரர் எழுதியதை அவசரமாக அடித்துக்கொண்டிருந்தார். அவள் காதில் எதுவும் விழவில்லை. மூன்று சுவர்களிலும் கண்ணாடிக்குப் பின்னால் மினுங்கிய வரிசைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இது ஒண்ணுதானே? இதை மட்டும்தானே பிரிச்சீங்க?"

கணவன் அவள் கண்ணைப் பார்த்தே சொன்னான்.

"மேல் தட்டுல ஆரம்பிச்சேன். இதுதான் கடைசி."