வெர்லாவின் தோளுக்கு ஒரு துப்பாக்கி

அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்துச் சிற்றூர்க் கடையொன்றில், பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்லா ஹாகன் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை மடக்கித் திறந்து ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்க்கிறாள். காலிக் குழல்களுக்குள் காலை வெயில் இரண்டு வெள்ளி வளையங்களாக மின்னுகிறது. காட்டுக்கோழி வேட்டைக்கு, தன் குட்டைக் கைக்குப் பொருந்துகிற ஒன்றைக் கட்டுப்படியாகும் விலையில் மூன்று வருஷமாகத் தேடுகிறாள். "உன்னை மாதிரி குள்ளி யாரோ தோள்ல வைக்கிற கட்டையை அறுத்துட்டா போல. சீந்த ஆளில்ல. நானூறு டாலர் குடு, எடுத்துட்டுப் போ" என்று சிரிக்கிறார் கடைக்காரர் டுவெய்ன். அவள் துப்பாக்கியை மூடி, கண்ணையும் மூடிக்கொண்டு தோளுக்கு ஏற்றுகிறாள். வழவழத்த மரக்கட்டை கன்னத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கண்ணைத் திறந்தால், குழல் நுனியில் குறிபார்க்கப் பதித்த பித்தளை மணி, சுவரில் பாடம் செய்து மாட்டிய காட்டுக்கோழியின் நெஞ்சுக்கு நேராக அசையாமல் நிற்கிறது. "டுவெய்ன், நான் குறியே பாக்கல..." என்கிறாள். டுவெய்னின் சிரிப்பு நின்றுவிட்டது. "இறக்காதே" என்கிறார் மெதுவாக. "உனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நில்லு."