கரிச்சான் சொன்ன வல்லூறு

மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. இரண்டு நாளாகப் பட்டினி கிடந்த தவிட்டுக்குருவி அக்காதங்கைகள் ஏழு பேரும் ஓடிவந்தார்கள். வாய் வைப்பதற்குள் பக்கத்து மரத்தின் மேல்கிளையில் இருந்த கரிச்சான் குருவி, “வல்லூறு வருது!” என்று கத்தியது.

ஏழு பேரும் முள்புதருக்குள் பாய்ந்தார்கள். உள்ளே போனதும் ஆளாளுக்கு “வல்லூறு, வல்லூறு” என்று கூச்சல் போட்டார்கள். கடைசித் தங்கை இந்த வருஷம்தான் தனியாக இரை தேடப் பழகியவள். அவள் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

“நீ பார்த்தியாக்கா?”

“நான் எங்கடி பார்த்தேன்? பெரியக்கா சொன்னா.”

பெரியக்காவைக் கேட்டாள்.

“ஆறு பேர் கத்துறோம், பொய்யா இருக்குமா? வாயை மூடிக்கிட்டு நீயும் கத்து.”

ஒருத்தியும் பார்த்திருக்கவில்லை. வெளியே ஈசல் குறைந்துகொண்டே வந்தது. இன்றும் சாப்பிடாவிட்டால் நாளை பறக்கத் தெம்பு இருக்காது. வெளியே போய், வல்லூறு நிஜமாக இருந்தால் நாளையே இருக்காது.

கடைசித் தங்கை முள்ளை விலக்கித் தலையை நீட்டினாள்.

“போகாதடி, செத்துருவே” என்று பெரியக்கா வாலைக் கவ்வி இழுத்தாள். ஒரு இறகு பிய்ந்தது. தங்கை வெளியே வந்து, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, வானத்தை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை பார்த்தாள். ஒரு மேகம் மட்டும் நின்றது.

மேல்கிளையும் காலியாக இருந்தது. கரிச்சான் புற்றடியில் நின்றது.

“வல்லூறு எந்தப் பக்கமா வந்துச்சு, அண்ணே?” என்று கேட்டாள்.

கரிச்சானால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறைய ஈசல்.