‘இல்லை’ன்னு மட்டும் சொல்லுங்க

கடிகாரக் கடை முதலாளிக்கு யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படும் திறமை உண்டு. ஆனால் ஷோகேஸில் இருந்த தங்க முலாம் கைக்கடிகாரம் காணாமல் போன நாளிலிருந்து, அந்தத் திறமை முழுவதையும் ஒரே ஆள் மேல் செலவழித்துக்கொண்டிருந்தார். மனைவியின் தம்பி மேல்.

காரணம் இல்லாமல் இல்லை. கடையில் விற்பனையைக் கவனிப்பவன் அவன். இரவில் பின்னறையில் படுத்துக் கொள்பவனும் அவன்தான். உயர்ந்த ரகக் கடிகாரங்கள் எல்லாம் கடை மூடும்போது லாக்கருக்குள் போய்விடும். அதன் நாலு இலக்க எண்ணை முதலாளி கட்டிய மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அதனால்தான் பயல் வெளியே இருந்ததில் கை வைத்திருக்கிறான் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

“என் தம்பி மேல பழி போட்டு வெளிய அனுப்பினா, நானும் அவன்கூடக் கிளம்பிடுவேன்” என்று மனைவி சொல்லிவிட்டாள். முதலாளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தேகத்தையும் விட முடியவில்லை, மனைவியையும் விட முடியவில்லை.

அப்போதுதான் ஷட்டருக்கு அடியில் யாரோ செருகிவிட்டுப் போன விளம்பரச் சீட்டு கிடைத்தது. ‘வீட்டில், கடையில் திருட்டா? பொய் கண்டுபிடிக்கும் கருவியுடன் நேரில் வருகிறோம்.’ படித்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கருவிக்காரர் சூட்கேஸோடு வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், டாக்டரைப் போல ஒரு தலையசைப்பு. ரிப்பேர் மேஜையில் கிடந்த திருப்புளிகளை ஓரங்கட்டிவிட்டு லேப்டாப்பை விரித்தார். விரலில் மாட்ட ஒரு கிளிப், மார்பில் கட்ட ஒரு பட்டை.

“இந்த ஆளை எங்கயோ பார்த்திருக்கேன் மாமா” என்று மைத்துனன் கிசுகிசுத்தான்.

“மாட்டிக்கப் போறவனுக்கு எல்லா மூஞ்சியும் தெரிஞ்ச மூஞ்சியாத்தான் இருக்கும்” என்றார் முதலாளி. ஆனாலும் கொடுக்கிற கூலிக்கு வேலை நடக்குமா என்று அவருக்கும் ஒரு பயம். “இதெல்லாம் நிஜமாவே வேலை செய்யுமா சார்?”

கருவிக்காரர் சிரித்தார். “கோர்ட்டுல ஒத்துக்க மாட்டாங்க சார், குடும்பத்துல ஒத்துக்குவாங்க. பாதிப் பேரு கிளிப்பைப் பார்த்ததுமே உண்மையைக் கக்கிடுவாங்க. அதுக்குத்தானே இதை வெச்சிருக்கோம். நம்பிக்கை இல்லேன்னா நீங்களே முதல்ல உட்காருங்க.”

முதலாளி உட்கார்ந்தார்.

“ஒரு நாலு இலக்க நம்பரை மனசுக்குள்ள நினைச்சுக்குங்க. பொறந்த வருஷம், வண்டி நம்பர் எல்லாம் வேணாம். அப்புறம் நான் விசாரிச்சுட்டு வந்தேன்னு சொல்வீங்க. யாருக்கும் தெரியாததா இருக்கட்டும். நான் ஒவ்வொரு இலக்கமா கேட்பேன். நீங்க எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு மட்டும் சொல்லுங்க.”

“முதல் இலக்கம் பூஜ்யமா?”

“இல்லை.”

“ஒண்ணா?”

“இல்லை.”

முதலாளி சும்மா விடவில்லை. சிலை மாதிரி உட்கார்ந்து, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு, கருவியை ஏமாற்றத் தன்னால் ஆனதைச் செய்தார். கடைசியில் கருவிக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, நாலு இலக்கத்தையும் அவர் காதோரம் சொன்னார். முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனையும் சரி.

அதற்குப் பிறகு அந்தக் கருவி என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராகிவிட்டார்.

அடுத்து, கடையில் கடிகாரம் பழுது பார்க்கும் ரிப்பேர்காரர் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்து, கொட்டாவி விட்டபடியே தப்பித்தார். மைத்துனனுக்கோ நாற்காலியைத் தொடும்போதே நெற்றி வியர்த்துவிட்டது.

“கடிகாரத்தை நீங்க எடுத்தீங்களா?”

“இ... இல்லை.”

திரையில் கோடு எகிறிக் குதித்தது. கருவிக்காரர் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். “நான் சொல்லலை சார். கருவி சொல்லுது.”

“சத்தியமா நான் எடுக்கலை மாமா. பயத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அதைப் போய்ப் பொய்யுன்னு சொல்லுது.”

“மெஷினுக்கு உன் மேல என்னடா பகை?” என்றார் முதலாளி.

அன்று சாயங்காலமே அவன் படுக்கை வாசலுக்கு வந்துவிட்டது. சொன்னபடி மனைவியும் பெட்டியோடு கிளம்பினாள். என்ன இருந்தாலும் உண்மை தெரிந்துவிட்டதே என்று முதலாளி மனத்தைத் தேற்றிக்கொண்டு கடையைப் பூட்டினார். பின்னறையில் படுக்க ஆள் இல்லை.

மறுநாள் காலை கடை வாசலில் கூட்டம். ஷட்டர் பூட்டு அறுபட்டுக் கிடந்தது. லாக்கரில் மட்டும் ஒரு கீறல் இல்லை. கதவு மரியாதையாகத் திறந்திருந்தது. உள்ளே துடைத்துவிட்ட மாதிரி காலி. நடுத்தட்டில் ஒரே ஒரு கடிகாரம் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. காணாமல் போன அதே தங்க முலாம் கடிகாரம்.

சேதி கேட்டு மனைவி தம்பியையும் அழைத்துக்கொண்டு வந்தாள். அவன் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இப்பத்தான் ஞாபகம் வருது மாமா. அந்தக் கருவிக்காரரு, இது காணாமப் போன அன்னிக்கு இங்க ஸ்ட்ராப் வாங்க வந்தவரு. இதைத்தான் எடுத்துக் காட்டச் சொன்னாரு.”

மனைவி காலி லாக்கரையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது முதலாளிக்கு. மைத்துனன் உட்கார ஒரு ஸ்டூலைத் துடைத்து இழுத்துப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் லாக்கரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். “உடைக்கலை. நம்பர் போட்டுத்தான் திறந்திருக்கான். யாருக்கெல்லாம் நம்பர் தெரியும்?”

“எனக்கு மட்டும்தான் சார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. யார்கிட்டயாவது வாய் தவறிச் சொன்னீங்களா?”

முதலாளி யோசித்தார். யோசிக்க யோசிக்க விரல் நுனியெல்லாம் வியர்த்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லைதான். கருவிக்காரர் ஒவ்வொரு இலக்கமாகக் கேட்டபோதுகூட, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றுதான் சொல்லியிருந்தார்.