கத்தி தொட்ட தையல்

முதுகு கிழிந்த வேதாகமத்தைப் பைண்டரிடம் நீட்டினார் உபதேசியார் ஞானசிகாமணி. "கனம் தாங்கல. பழைய ஏற்பாட்டை அறுத்து எடுத்துடுங்க. புதுசு போதும்."

"உன் சண்டையும் சாபமும் ஒழிஞ்சுது, பழசே!" என்று குதித்தது புதிய ஏற்பாடு.

பைண்டர் கத்தியைத் தீட்டினார். இனி தனிப் புத்தகமாயிற்றே என்று புதியது தன் முதல் பக்கத்தைப் படித்துப் பார்த்தது. வரிசையாக ஆண்டவருடைய முன்னோர்களின் பெயர்கள், பெரும்பாலும் பழையதன் வீட்டுப் பிள்ளைகள். அவசரமாகச் சிலுவைப் பக்கத்தைப் புரட்டியது. உயிர் போகும் வேதனையில் ஆண்டவர் கதறியதும் பழையதன் சங்கீதப் பாட்டில் ஒரு வரிதான்.

கத்தி தையலில் பட்டது.

"அண்ணே!" என்று அலறியது புதியது. "வலியில அவருக்கே உன் பாட்டுதான் வாயில வந்துச்சு. நீ போயிட்டா நான் எதைச் சொல்லி அழுவேன்?"