இரும்பு கலக்காத வில்லை

"வில்லைங்கள மாத்தி வெச்சுட்டு என் உயிர எடுக்காதே!" மேடம் தன் பழைய ஆய்வேட்டை விரலால் தட்டினார். "துளி இரும்பும் கலக்காத பீங்கான் வில்லை, சார்ஜ் பிடிச்சு வைக்கிற அளவு ஆயிரத்து இருநூறு. இருபது வருஷமா எல்லாரும் நம்புற எண் இது. உனக்கு மட்டும் எப்படி ரெண்டாயிரம் வரும்?"

ஆய்வு மாணவி தன் குறிப்பேட்டை நீட்டினாள். "மூணு தடவ சுட்டு அளந்துட்டேன் மேடம். ஒப்பிட்டுப் பாக்க வேணும்னே துளி இரும்பு கலந்த வில்லைதான் ஆயிரத்து இருநூறு காட்டுது. எனக்கே ஒண்ணும் புரியல."

"பவுடர எதுல அரைச்சே?"

"அகேட் கல்லுல செஞ்ச புதுக் கல்வத்துல. நீங்க எதுல மேடம் அரைச்சீங்க?"

"இதுலதான். ராசியான கல்வம்." பேனாக்கள் செருகியிருந்த இரும்புக் கல்வத்தை மேடம் பெருமையாக முன்னே தள்ளினார். "அஞ்சு வருஷம் அரைச்சிருக்கேன். எப்படித் தேஞ்சிருக்குன்னு உள்ள பாரு."

மாணவி பேனாக்களை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் குழிந்திருந்தது.

"தேஞ்ச இரும்பெல்லாம் எங்க மேடம் போச்சு?"

ஆய்வேட்டைத் தட்டிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது.