மாறிப்போன பனியன்

செர்பியாவின் நோவி சாத் நகரக் கால்பந்து மைதானத்து உடைமாற்றும் அறையில் நெவெங்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். சன்னல் வெயிலில் அவள் காலுறைச் சேறு காய்கிறது. முழங்கால் அறுவைக்குப் பின் இதுதான் முதல் முழு ஆட்டம். இன்றைய ஓட்டம் தேறினால்தான் அணியில் இடம். ஓட்டத்தை அளக்கும் உள்பனியன்களின் கணக்கைத் திரையில் பார்த்த பயிற்சியாளர் நெவெங்காவைப் பார்த்து முகம் சுளிக்கிறார். "என்னம்மா, ஆட வந்தியா, பஸ்ஸுக்கு நின்னியா?" ஜெர்சியைக் கழற்றிய கோல்கீப்பர் மிலேவா அலறுகிறாள். "ஐயோ கோச், இது இவ பனியன்! அவசரத்துல மாத்திப் போட்டுட்டோம்." அறையே சிரிக்கிறது. "அதானே, கோல்கீப்பருக்கு ஏது இவ்வளவு ஓட்டம்!" என்ற பயிற்சியாளர், "உன் இடம் உனக்குத்தான்" என்று நெவெங்காவின் தோளைத் தட்டுகிறார். அவள் எழப் பார்க்கிறாள்; ஓடி ஓடி மரத்துப்போன கால்கள் அசையவில்லை. மிலேவா மண்டியிட்டு அவள் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கிறாள். "காலைத் தூக்குடி, மகாராணி." "எந்தக் கால் உன் கையில இருக்கு?" என்று நெவெங்கா நிஜமாகவே கேட்கிறாள்.